பால் கணக்கும் சட்டமன்றமும்

(திமிரியில் ஜூன் மாதம் நடந்த குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில், சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே அறையில் உட்காருவது அபூர்வம். இன்று நம்மை உட்கார வைத்திருப்பது ஒரு பட்டியல். போன ஏப்ரலில் எட்டாம் வகுப்பு முடித்து, இந்த ஜூனில் இதுவரை ஒன்பதாம் வகுப்பில் சேராத பிள்ளைகளின் பட்டியல். சாப்பாட்டுக்குப் பிறகு அதை எடுத்துக்கொண்டு உட்காரப் போகிறோம். அதற்கு முன் அரை மணி நேரம் யாராவது ஒரு பெண் தலைவரைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். நான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எடுத்துக்கொண்டேன். பொழுதுபோக்குக்காக எடுக்கவில்லை. அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் எடுத்தேன்.

முதலில் ஒரு குற்ற ஒப்புதல். இருபது ஆண்டுகளாக நான் அவரை வகுப்பில் ஒரு மதிப்பெண் வினாவாகத்தான் நடத்தி வந்தேன். "பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் யார்?" விடை தெரிந்தவர்கள் கை தூக்குவார்கள். சரி, உட்கார், அடுத்த கேள்வி. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு ஊர்ப் பள்ளியில், பத்தாம் வகுப்பில் இரண்டாம் பெஞ்சுப் பெண் ஒருத்தி இந்தக் கேள்விக்கு முதலில் கை தூக்கினாள். பிறந்த ஊர், ஆண்டு எல்லாம் சேர்த்துச் சொன்னாள். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. தாய்மாமனுக்கு நிச்சயம் செய்துவிட்டார்கள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நான் வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விடுப்பு போட்டேன். அவள் வீட்டுக்கு நான் போனது ஒரு மாதம் கழித்து. அதற்குள் கல்யாணமே முடிந்திருந்தது. போன ஆண்டு திமிரி பேருந்து நிறுத்தத்தில் கம்பெனி வேனுக்காக நின்றிருந்தாள். "என்னா டீச்சர், என்னைத் தெரியலையா?" என்றாள். அவளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது அது தனிச் சமஸ்தானம். தந்தை நாராயணசாமி ஐயர், அங்கிருந்த மகாராஜா கல்லூரியை நடத்திய கல்வியாளர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்துப் பெண். இந்தப் பின்னணியை மறந்துவிட்டு அவருடைய அரசியலைப் புரிந்துகொள்ள முடியாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நடிகர் ஜெமினி கணேசனுக்கு இவர் அத்தை. இதைச் சொன்னால்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள், "அட, அந்தம்மாவா?" என்று நிமிர்ந்து உட்காருகிறார்கள். நானும் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சட்டமன்றம் அல்ல, திண்ணைப் பள்ளிக்கூடம். மகள் பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதுகிற அளவுக்குத் தமிழ் படித்தால் போதும் என்பதுதான் தந்தையின் முதல் எண்ணம். கல்லூரி நடத்துகிறவரின் எண்ணமே அப்படி இருந்தது! ஆனால் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் அதோடு நிறுத்தவில்லை. தந்தைக்குத் தெரியாமலே அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலமும் கற்றுக் கொடுத்தார். அந்த ஆசிரியருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. சுற்றறிக்கை வரவில்லை. இந்தப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது, கொடுத்தார். நமக்கெல்லாம் தெரிந்த அந்த ஆசை, அவ்வளவுதான். அந்த ஆங்கிலம் இல்லாமல் பின்னால் வந்த எதுவும் நடந்திருக்காது.

பதின்மூன்று வயதை ஒட்டி அவர் பருவம் அடைந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. அன்று எல்லாப் பெண்களுக்கும் அதுதான் நடந்தது. தாய்க்கு மகளுக்குக் கல்யாணம் செய்து வைக்க வேண்டும் என்ற கவலை. இந்த இடத்தில் தந்தை மாறினார். மகளின் படிப்பைப் பார்த்துப் பார்த்து மாறியிருக்க வேண்டும். வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார். 1902-இல் தனித் தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார் முத்துலட்சுமி. பிறகு கல்லூரி. மகாராஜா கல்லூரியில் அதுவரை ஆண்கள் மட்டுமே படித்தார்கள். ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகே 1904-இல் அவரால் சேர முடிந்தது. மூடிய வண்டியில் போனார், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார்.

இந்த வயதுகளை மட்டும் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றில் பள்ளி நின்றது. பதினெட்டில் கல்லூரிக்குள் போனார். இடையில் நான்கைந்து ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவரைப் படிப்போடு கட்டி வைத்திருந்தது ஒரு தந்தையின் மனமாற்றமும், அதற்கு முன்பே ஓர் ஆசிரியர் போட்டு வைத்திருந்த அடித்தளமும்தான். எந்தச் சட்டமும் இல்லை. எல்லாம் சலுகை. ஆசிரியர் காட்டிய சலுகை, தந்தை காட்டிய சலுகை, மன்னர் காட்டிய சலுகை. இவர்களில் ஒருவர் "வேண்டாம்" என்று சொல்லியிருந்தாலும் அவர் பால் கணக்கு எழுதிக்கொண்டிருந்திருப்பார்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்துகொண்டார். என்னைச் சமமாக மதிக்க வேண்டும், என் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டே அந்தத் திருமணத்துக்கு ஒப்புக்கொண்டார். நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த அறையில் இருக்கிற நம்மில் எத்தனை பேர் அப்படி நிபந்தனை போட்டோம் என்று கேட்டால் சிரிப்புதான் வரும். நான் போடவில்லை.

அதே காலத்தில் நம் பக்கத்தில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கலாம். நம் இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்பதற்காகப் பிரசவத்தில் பெண்கள் இறந்துகொண்டிருந்த காலம் அது. முத்துலட்சுமியும் பிரசவ அறைகளில்தான் தன் அரசியலைக் கற்றார். பதின்மூன்று, பதினான்கு வயதுத் தாய்மார்களைப் பார்த்த ஒரு மருத்துவராகத்தான் அவர் பிறகு சட்டமன்றத்தில் எழுந்து நின்று பேசினார்.

இப்போது சட்டமன்றத்துக்கு வருவோம். பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்க பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலில் முன்வந்தது சென்னை மாகாணம்தான். 1921-இல் சட்டமன்றம் அதை ஏற்றது. சொத்தும் வரியும் அடிப்படை என்பதால் மிகச் சில பெண்களுக்கே அது கிடைத்தது. இருந்தாலும் கதவு திறந்தது. இங்கிலாந்தில் ஆணுக்குச் சமமான வாக்குரிமை பெண்களுக்குக் கிடைத்தது 1928-இல்தான். ஆனால் பெண்கள் உறுப்பினராக உட்கார 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் போட்டியிட்டுக் குறைந்த வாக்குகளில் தோற்றார். அடையாறில் 1917-இல் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம், நியமன உறுப்பினராக ஒரு பெண்ணையாவது போடுங்கள் என்று அரசை நெருக்கியது. முத்துலட்சுமியின் பெயர் அப்படித்தான் வந்தது. அவர் முதலில் தயங்கினார். மருத்துவ வேலை கெட்டுவிடுமே என்ற தயக்கம். அப்போது அவருக்கு வயது 40. ஒப்புக்கொண்டு உள்ளே போனதும், 1927-இல் மன்றத்தின் துணைத் தலைவராக அவரையே உறுப்பினர்கள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவர் மன்றத்தில் இருந்தது மூன்றரை ஆண்டுகள்கூட இல்லை. அதற்குள் அவர் எழுப்பியவற்றைப் பார்த்தால், தன் வாழ்க்கையில் தனக்குச் சலுகையாகக் கிடைத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இது எல்லாப் பெண்ணுக்கும் உரிமையாக வேண்டும் என்று கேட்டது போலவே இருக்கிறது. ஏழைப் பெண் குழந்தைகளுக்குக் கல்விக் கட்டணம் கூடாது என்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். பள்ளிகளில் மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். இன்று நம் பள்ளிக்கு மருத்துவக் குழுவின் வண்டி வந்து பிள்ளைகளின் பல்லையும் கண்ணையும் பார்த்துவிட்டுப் போகிறதே, அப்படியொன்றை அன்று கேட்டவர் அவர்.

திருமண வயதுக்கு வருகிறேன். 1929-இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்றும் ஆணின் வயதை 18 என்றும் வைத்தது. சென்னைச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி கேட்டது பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21. பெண்ணுக்கு 18 என்பது சட்டமாக 1978 ஆயிற்று. ஒரு பெண் மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொன்னதைச் சட்டம் எட்டிப் பிடிக்க அரை நூற்றாண்டு.

பி.எட். படித்தபோது ஹார்டாக் குழுவை மனப்பாடம் செய்தோம், நினைவிருக்கிறதா? 1929-இல் அறிக்கை கொடுத்த குழு. 'விரயம்', 'தேக்கம்' என்று இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டு தேர்வில் எழுதிவிட்டு வந்தோம். தொடக்கக் கல்வியை முடிக்காமல் பாதியில் போவது விரயம். ஒரே வகுப்பில் மறுபடி மறுபடி உட்காருவது தேக்கம். அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் முத்துலட்சுமி ரெட்டி. இது எனக்கு மிகவும் பிற்பாடுதான் தெரிய வந்தது. பி.எட். நோட்டில் ஒரு பக்கத்திலும் வரலாற்று நோட்டில் இன்னொரு பக்கத்திலும் இருந்தவர் ஒரே ஆள்! 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த 100 பிள்ளைகளில் 18 பேர்தான் 1925-26-இல் நான்காம் வகுப்பில் இருந்தார்கள் என்று அந்த அறிக்கை சொன்னது. இனிமேல் எந்தக் கல்வி விரிவாக்கத் திட்டம் போட்டாலும் பெண் குழந்தைகளின் தேவைக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. நாம் இன்று 'இடைநிற்றல்' என்று கணினியில் ஏற்றுவதற்கு அன்று வைத்த பெயர்தான் விரயம். இரண்டில் எனக்குப் பழைய சொல்தான் பிடிக்கிறது. இடைநிற்றல் என்றால் பிள்ளை நின்றுவிட்டாள் என்று அர்த்தம் வருகிறது. விரயம் என்றால் நாம் இழந்தோம் என்று வருகிறது.

அடுத்து தேவதாசி முறை ஒழிப்பு. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிகிற இந்த விஷயத்தில் நமக்கு நேரடியாக உதவுகிற ஒன்று இருக்கிறது. சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவதைத் தடுக்க வேண்டும் என்று 1927-இல் அவர் மன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்தார். எதிர்ப்பு பல பக்கம். சத்தியமூர்த்தி போன்ற பெரிய தலைவர் எதிர்த்தார். அந்த மரபில் வந்த கலைஞர்களே எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிர்த்தவர்களில் ஒருவர். அவர்களை வெறும் பழமைவாதிகள் என்று நான் தள்ள மாட்டேன். சங்கீதமும் நாட்டியமும் அவர்கள் கையில் இருந்தன, சொந்தமாகச் சொத்து வைத்திருந்த பெண்கள் அவர்கள். அதெல்லாம் போய்விடுமே என்ற அச்சத்தில் நியாயம் இருந்தது.

முத்துலட்சுமி அதைக் கண்டுகொண்டார் என்பதுதான் என் வாதம். கோயில் பணிக்கு ஈடாக இந்தக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் இருந்தது. அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டாவிட்டால் நிலம் கையை விட்டுப் போகும். அப்படியானால் பெற்ற தாய் என்ன செய்வாள்? சோறு போடும் நிலத்தைக் காப்பாற்ற ஒரு மகளைக் கொடுப்பாள். ஆகவே, பொட்டுக் கட்டுவதற்குத் தடை வருவதற்கு முன்பே, 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டு வந்தார். பணி செய்ய வேண்டும் என்ற நிபந்தனை நீங்கியது. நிலம் அந்தப் பெண்களிடமே நின்றது. மகளைக் கொடுக்க வேண்டிய கட்டாயத்தை முதலில் உடைத்தார். நீதிபோதனை செய்துகொண்டிருக்கவில்லை. அடுப்பு எரிகிறதா என்று முதலில் பார்த்தார்.

பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930-இல் கொண்டு வந்தார். அது சட்டமாகும் முன்பே, காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவியை விட்டு விலகினார். மசோதா சட்டமானது 1947-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் ஊர் ஊராகப் போய் மேடையில் நின்று வசவும் கல்லடியும் வாங்கிக்கொண்டு அந்தக் கோரிக்கையை உயிரோடு வைத்திருந்தவர்களில் முக்கியமானவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவரும் அந்த மரபில் சிக்கி வெளியே வந்தவர். நம் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, 'புதுமைப் பெண்', அது அவர் பெயரில் உள்ள உயர்கல்வி உறுதித் திட்டம்தான். கர்ப்பிணிப் பெண்களுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டம் முத்துலட்சுமியின் பெயரில் இருக்கிறது. ஒரே போராட்டத்தில் நின்ற இரண்டு பெண்களின் பெயரை விண்ணப்பப் படிவங்களில் நாம் தினமும் பார்க்கிறோம்.

பதவியை விட்ட அதே 1930-இல்தான் ஔவை இல்லம் தொடங்கியது. திட்டம் போட்டுத் தொடங்கியதல்ல. பொட்டுக் கட்டுவதிலிருந்து தப்பித்து வந்த சில சிறுமிகள் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். படிக்க வேண்டும், தங்க இடமில்லை. பிராமணப் பெண்களுக்கு விடுதி இருந்தது, பிராமணரல்லாத பெண்களுக்கும் விடுதி இருந்தது. இவர்களைச் சேர்த்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவர் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அதுவே வளர்ந்து, பள்ளிகளோடு கூடிய நிறுவனமாக இன்றும் சென்னையில் இருக்கிறது. முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்ற பட்டத்தைவிட, பதவி இல்லாத அந்த நேரத்தில் கதவைத் திறந்த செயலே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தங்கை புற்றுநோயில் இறந்தது அவரை விடவே இல்லை. முப்பது ஆண்டுகள் அலைந்து 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார், 12 படுக்கைகளோடு. 1956-இல் பத்ம பூஷண். 1968 ஜூலை 22 அன்று மறைந்தார்.

அவர் மட்டும்தான் என்றும் நினைத்துவிட வேண்டாம். இங்கிருந்து பேருந்தில் போகிற தூரத்தில் இருக்கிற வேலூர்ச் சிறையில் இருந்தவர்களைப் பாருங்கள். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதி அங்கே இருந்தார். 1937-இல் சட்டமன்றத் துணைத் தலைவராகி, 1946-இல் மாகாணத்தின் சுகாதார அமைச்சரானார். கடலூர் அஞ்சலை அம்மாள் கருவுற்ற நிலையில் அந்தச் சிறையில் இருந்தார். பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள், பச்சைக் குழந்தையோடு திரும்பவும் சிறைக்குப் போனார். அவரும் பின்னால் சட்டமன்ற உறுப்பினரானார். அடுத்த முறை பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்குச் சுற்றுலா அழைத்துப் போகும்போது, அகழியைக் காட்டுவதோடு இதையும் சொல்லலாம்.

இப்போது நம் பட்டியலுக்கு வருகிறேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை. எட்டாம் வகுப்போடு அதன் கை எட்டுவது முடிந்துவிடுகிறது. பெண்ணின் திருமண வயது 18. இடையில் நான்கு ஆண்டுகள். குழந்தைத் திருமணம் குற்றம், 1098-க்குத் தெரிவிக்கலாம், உண்மை. ஆனால் திருமணம் என்று வந்தால்தான் அந்தச் சட்டம் எழுந்து வரும். சும்மா வீட்டில் நிற்கிற ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு அது வராது. முத்துலட்சுமிக்குப் பள்ளி நின்று போன அதே நான்கு ஆண்டுகள்! அவர் காலத்தில் அந்த இடைவெளியை ஓர் ஆசிரியரும் ஒரு தந்தையும் அடைத்தார்கள். இன்று பள்ளி இருக்கிறது, பேருந்து அட்டை இருக்கிறது, புத்தகம், சீருடை, விடுதி எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் அந்த இடைவெளியில் பிள்ளை விழுகிறாளா இல்லையா என்பது இன்றும் யாரோ ஒருவர் வீட்டுப் படியேறுகிறாரா என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

படியேறினால் என்ன பேசுவது? இனாம் நிலத்தை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள் என்பேன். நம் பக்கத்துக் குடும்பங்கள் பெண்ணை நிறுத்துவது படிப்பு பிடிக்காமல் அல்ல. அம்மா விடியற்காலையில் ஷூ கம்பெனி வேனில் ஏறினால் இருட்டும்போது வருவாள். கைக்குழந்தையை யார் பார்ப்பது? அதற்கு மூத்த மகள். வயசுக்கு வந்த பெண் நடுநிலைப் பள்ளி இருக்கிற சொந்த ஊரைத் தாண்டி, பஸ் ஏறி உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். சாயங்கால பஸ் தவறினால்? அதற்குப் பயம். வாங்கிய கடன், கட்டுகிற சீட்டு. பெண்ணுக்குப் படிப்பு எவ்வளவு முக்கியம் தெரியுமா என்று நாம் தொடங்கினால், "தெரியும் டீச்சர்" என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். கட்டாயம் எது என்று கண்டுபிடித்து முதலில் அதை அவிழ்க்க வேண்டும்.

போன ஆண்டு அப்படி ஒரு வீட்டுக்கு, அந்த ஊர் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரும் நானும் நான்கு முறை போனோம். முதல் மூன்று முறையும் நான் படிப்பின் பெருமையைப் பேசினேன். நான்காம் முறைதான் அந்தத் தாய் வாய் திறந்து, "சின்னவனை யாருகிட்ட உடறது?" என்று கேட்டார். இதைக் கேட்டறிய எனக்கு நான்கு நடை ஆயிற்று. சின்னவனுக்கு இரண்டு வயது முடிய இரண்டு மாதம் இருந்தது. அங்கன்வாடிப் பணியாளரிடம் பேசினோம். காலையில் அவனைக் கொண்டுபோய் விடவும் மதியம் கூட்டி வரவும் பக்கத்துத் தெருவிலிருந்த பாட்டி ஒருவர் ஒப்புக்கொண்டார். பெண் ஆகஸ்ட் மாதம் வந்து சேர்ந்தாள். இரண்டு மாதப் பாடம் போய்விட்டது, கணக்கில் இன்னும் தடுமாறுகிறாள். ஆனால் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொரு வீட்டில் எங்களால் முடியவில்லை. அந்தப் பெண்ணை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. அந்தப் பெயரும் இந்தப் பட்டியலில் இருக்கிறது, போன ஆண்டிலிருந்து.

பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன் என்றேனே, அந்தப் பழைய மாணவி. ஷூவின் மேல்பாகம் தைக்கிற மெஷினில் வேலை செய்கிறாள். பத்து நிமிடம் பேசினோம். என் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அந்த டாக்டரம்மா கேள்வி இன்னும் கேக்குறீங்களா டீச்சர்?" என்று சிரித்தாள். மகள் ஆறாம் வகுப்பு படிப்பதாகச் சொன்னாள். வேன் வந்துவிட்டது. ஏறும்போது திரும்பி, "எட்டாவது முடிச்சா உங்க ஸ்கூலுக்குத்தான் வருவா. பன்னெண்டாவது வரைக்கும் உட்றாதீங்க டீச்சர்" என்றாள். அந்தப் பெண் இந்த ஆண்டு ஏழாம் வகுப்பு. அவள் இன்றைய பட்டியலில் வர இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. வராமல் பார்த்துக்கொள்ள எனக்கு இருக்கிற நேரம் அது.

சாப்பாடு வந்துவிட்டது என்று வாசலில் சைகை காட்டுகிறார்கள். பட்டியல் அந்த மேசையில் இருக்கிறது. ஊர்வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறேன், ஒவ்வொரு தாளிலும் எதிரில் இரண்டு கட்டம்: வீட்டுக்குப் போகும் ஆசிரியர் பெயர், போகும் தேதி. சாப்பிட்டுவிட்டு வரும்போது ஆளுக்கொரு தாள் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.